கிடைத்தது. படித்தேன். பார்க்கிறேன்.

இந்திராணி அவர்கள் மறைந்த செய்தி ஒரு கேள்வியோடு சேர்ந்து வந்தது. திருவேற்காட்டில் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை என்பதால் கோயிலுக்கு வந்த கூட்டத்தில் வண்டி நகரவில்லை. வழக்கம்போல ஊரில் உள்ள எல்லோரையும் மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய கணவர் கருணாகரன் அழைத்தார்.

"பாஸ்கர் சார், இந்திராணி பூட்டா சார். காலைல காபி போட எழுந்தவ, அப்டியே அடுப்பாண்ட சாஞ்சிட்டா. டாக்டரு வந்து பாத்துட்டு இல்லன்ட்டாரு."

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. பிறகு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இன்னொண்ணு சார். அவ போன்ல அலாரம் ஒண்ணு அட்ச்சுகினே கீது. அமுத்துனா நிக்குது, அஞ்சு நிமிசத்துல மறுக்கா அடிக்குது. ஊட்ல ஜனம் வந்துகினு கீறாங்க. எப்டி நிறுத்தறதுன்னு சொல்லு சார்."

மணி எட்டரை தாண்டியிருந்தது. அது எதற்கான அலாரம் என்று எனக்குத் தெரியும். நிறுத்தும் வழியைச் சொன்னேன். சொல்லிவிட்டு, முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே அழுதேன். எதிரே இருந்தவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு வார்ப்படப் பட்டறைக்கு மேல்மாடியில் இயங்குகிற சின்ன மென்பொருள் நிறுவனம் எங்களுடையது. சுற்றுவட்டாரத்துக் கல்லூரிகளுக்கும் பட்டறைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் மின்னஞ்சல் வசதியும் விண்ணப்பப் படிவங்களும் செய்து தருகிறோம். இந்திராணி அங்கே பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தார். நான் சேர்ந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனால் கடைசி ஒன்பது ஆண்டுகள் பதவியில் நான் அவருக்கு மேலே இருந்தேன். அது எப்படி நேர்ந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அது எனக்குப் பெருமை சேர்க்கிற கதை அல்ல.

இறந்தவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லோரும் அவரைத் தெய்வமாக்கிவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பழக்கம் ஒவ்வாது. இந்திராணியோடு வேலை பார்ப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. பிறந்தநாள் கேக் வெட்டக் கூப்பிட்டால், "பெட்டி இன்னும் முடியல, நீங்க ஆரம்பிங்க" என்பார், அவர் இல்லாமல் ஆரம்பிக்க எங்களுக்கு மனம் வராது, கேக் உருகிக்கொண்டிருக்கும். அவருக்கு ஏசி ஆகாது, ஆகவே எங்கள் யாருக்கும் ஆகாது. நூம்பலில் இருந்து அம்பத்தூருக்கு ஸ்கூட்டரில் வருவார். தண்ணீர் லாரிக்குப் பின்னால் போக நேர்ந்தால், அம்பத்தூர் வரைக்கும் அதற்குப் பின்னாலேயே வருவாரே தவிர முந்த மாட்டார். பிடித்தால் குரங்குப்பிடிதான். இத்தனைக்கும் மேலே, அவரை நினைத்ததும் எனக்கு முதலில் வருவது மலைப்பு. ஒரு மனிதர் இப்படியும் இருக்க முடியுமா என்ற மலைப்பு பதினாறு ஆண்டுகளாகக் குறையவே இல்லை.

அந்த எட்டரை மணி அலாரத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் 'வாசல்'.

மின்னஞ்சலுக்கென்று உலகம் ஒத்துக்கொண்ட தர விதிகள் உண்டு. அவற்றில் ஒன்று: மின்னஞ்சல் வாங்குகிற எந்த இடமானாலும் அங்கே 'போஸ்ட்மாஸ்டர்' என்ற பெயரில் ஒரு முகவரி இருந்தே தீர வேண்டும். அனுப்பிய கடிதம் போய்ச் சேராதவர்கள், வேறு வழி தெரியாதவர்கள் கடைசியாக வந்து தட்டும் கதவு அது. ஊர் நடப்பு வேறு. அந்த முகவரியை எல்லோரும் வைத்திருப்பார்கள், யாரும் படிக்க மாட்டார்கள். விளம்பரக் குப்பைகளும் திரும்பி வந்த கடிதங்களும் அதில்தான் கொட்டும். வருவதை எல்லாம் நேரே குப்பைக்கு அனுப்பும்படி அமைத்துவிட்டால் தலைவலி தீர்ந்தது. முந்தைய நிறுவனத்தில் நான் அப்படித்தான் செய்திருந்தேன்.

இந்திராணி எங்கள் வாடிக்கையாளர்கள் அத்தனை பேருடைய போஸ்ட்மாஸ்டர் பெட்டிகளையும் தன் ஒரே திரைக்குக் கொண்டுவந்து, தினமும் எட்டரைக்கு உட்கார்ந்து ஒன்றுவிடாமல் படித்தார். குப்பையை ஒதுக்கிக்கொண்டே போவார். நடுவில் ஒரு மனிதர் எழுதியது தென்பட்டால் நிமிர்ந்து உட்காருவார். உடனே மூன்று சொற்களில் பதில் போகும்: "கிடைத்தது. படித்தேன். பார்க்கிறேன்." கீழே தன் பெயர். தானாகப் போகிற பதில் அல்ல, ஒவ்வொரு முறையும் கையால் தட்டச்சு செய்வது. நான் சேர்ந்த வாரத்திலேயே அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு சின்ன நிரல் எழுதித் தரட்டுமா மேடம்? ரெண்டு நிமிஷ வேலை" என்றேன்.

"வேணாம் பாஸ்கர் சார். எழுதினவங்க கையாலதான எழுதியிருக்காங்க" என்றார்.

நான் அவருக்கு 'அம்பத்தூர் தபாலாபீஸ்' என்று பெயர் வைத்தேன். கிண்டலாகத்தான் வைத்தேன். அவர் அதை ஒரு காகிதத்தில் எழுதித் தன் மேசை முன்னால் ஒட்டிக்கொண்டுவிட்டார். கிண்டல் செய்தவனுக்கு அதற்குப் பிறகு என்ன வேலை?

அவருடைய மேசைக்குக் கீழே நான்கு பழைய கணினிகள் இருந்தன. கால் வைக்க இடம் இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவார். ஒவ்வொன்றிலும் உலகம் மறந்துவிட்ட ஏதோவொரு பழைய மின்னஞ்சல் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும். எங்களிடம் இருந்து போகிற எந்த அறிவிப்பானாலும் அவை எல்லாவற்றிலும் திறந்து பார்த்து, எழுத்துகள் கட்டம் கட்டமாக உடையாமல், இணைப்புகள் திறக்க முடியாத கோப்பாக மாறாமல் தெரிகிறதா என்று சோதித்த பிறகே அனுப்ப விடுவார். "இந்தக் காலத்துல யார் மேடம் இதை வச்சிருக்கா?" என்று ஒருமுறை எரிந்து விழுந்தேன். கீழே இருக்கும் பட்டறைக்காரர் வைத்திருப்பதாகச் சொன்னார். வார்ப்பு அச்சு செய்யும் அவருடைய இயந்திரம் அந்தப் பழைய கணினியோடுதான் பேசும், மாற்றினால் பட்டறையே நின்றுவிடும். "அவர் மாத்தற வரைக்கும் நாமதான் சார் அனுசரிச்சுப் போகணும்" என்றார். எங்கள் தொழிலில் ஒரு பழைய வாக்கு உண்டு: கொடுப்பதில் கறாராக இரு, வாங்குவதில் தாராளமாக இரு. அதை மென்பொருளுக்கான அறிவுரை என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். அவர் ஏனோ தனக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டார்.

பூந்தமல்லியில் டயர் கடை வைத்திருந்த ஒருவருடைய கதையைச் சொன்னால் இந்திராணியை இன்னும் கொஞ்சம் புரிந்துகொள்ளலாம். அந்த மனிதர் தமிழ் எழுத்திலேயே ஒரு மின்னஞ்சல் முகவரி வாங்கி, அதைக் கடைப் பலகையில் அரை ஆள் உயரத்துக்கு எழுதி வைத்துவிட்டார். தர விதிகள் அதை அனுமதிக்கின்றன. ஆனால் வழியில் இருக்கும் மென்பொருள்கள் பாதிக்கு மேல் அந்த எழுத்தைப் பார்த்ததும் 'தவறான முகவரி' என்று கதவைச் சாத்திவிடும். எங்களுடையதும் சாத்தியது. அவர் நேரே அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

"பலகைக்கே எவ்ளோ மெனக்கெட்டு எய்தி வச்சுகீறேன் மேடம். ஒரு லெட்டரு கூட வர்ல. போறவன் வர்றவன்லாம் இன்னா அண்ணாத்தே, இது நெசமா டூப்பான்றான்."

அவர் எங்கள் வாடிக்கையாளர்கூட இல்லை. பக்கத்துக் கல்லூரி ஒன்றின் வண்டிகளுக்கு டயர் மாற்றுபவர். கல்லூரி அவருக்கு அனுப்பிய கடிதம் எங்களிடம் இருந்து போகாததால் வந்தவர். முகவரியை மாற்றிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடலாம் என்றேன் நான். இந்திராணி மூன்று மாதம் மற்ற வேலைகளுக்கு நடுவே எங்கள் அஞ்சல் மென்பொருளைப் பிரித்து மேய்ந்தார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒரு கடிதம் அனுப்பிப் பார்ப்பார். திரும்பி வரும். எங்கே தடுக்கிறது என்று பார்த்துத் திருத்துவார். மறு வியாழன் மறுபடி. போய்ச் சேராத கடிதத்தை உடனே கைவிடக் கூடாது, விட்டு விட்டு முயன்றுகொண்டே இருக்க வேண்டும் என்று விதியில் இருக்கிறதாம். நாலைந்து நாள் என்றுதான் அதில் இருக்கிறது என்று நான் எடுத்துக் காட்டினேன். "குறைஞ்சதுன்னுதான சார் போட்டிருக்கு" என்றார். ஒரு வியாழக்கிழமை அது போய்ச் சேர்ந்தது. டயர் கடைக்காரர் கைப்பேசியைப் பலகைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பினார்.

இனி நான் சொல்லத் தயங்கும் கதைக்கு வருகிறேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பப் படிவம் செய்து கொடுத்தோம். கல்லூரியின் பெயர் வேண்டாம், தவறு அவர்களுடையது அல்ல. ஒரே ஆள் பலமுறை விண்ணப்பிப்பதை வடிகட்ட அதில் நான் ஒரு வரி எழுதினேன். முகவரியில் கூட்டல் குறி இருந்தால், அதையும் அதற்குப் பின்னால் @ வரைக்கும் உள்ளதையும் அந்த வரி வெட்டிவிடும். வெட்டிய பிறகு இரண்டு முகவரிகள் ஒன்றாக இருந்து, பிறந்த தேதியும் தகப்பனார் பெயரும் ஒத்துப்போனால், ஒருவரே இரண்டு முறை விண்ணப்பித்ததாக எடுத்துக்கொண்டு முந்தையதை அழித்துவிடும். பெயரை மட்டும் நான் ஒப்பிடவில்லை. ஜனங்கள் தங்கள் பெயரையே ஒவ்வொரு முறை ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள் என்ற அனுபவ ஞானம் எனக்கு. கூட்டல் குறிக்குப் பின்னால் எதைச் சேர்த்தாலும் கடிதம் அதே பெட்டிக்குத்தான் போகும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. முதலாளி கூட்டத்தில் பாராட்டினார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் கோதண்டம் என்று ஒருவர் இருந்தார். தொழிற்சாலையில் லேத் ஓட்டுபவர். அவருக்கு இரட்டைப் பெண்கள், யமுனா, நர்மதா. மின்னஞ்சல் பெட்டி ஒன்றுதான். ஒரு கடவுச்சொல்லை நினைவில் வைப்பதே பெரும்பாடு என்று இரண்டாவது வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஆள் கெட்டிக்காரர். தன் பெயருக்குப் பின் ஒரு கூட்டல் குறி போட்டு, ஒன்றில் யமுனா என்றும் இன்னொன்றில் நர்மதா என்றும் சேர்த்து, ஒவ்வொரு பெண்ணுக்கு வரும் கடிதமும் தனித்தனி ஃபோல்டரில் விழும்படி செய்து வைத்திருந்தார். யமுனா முதலில் விண்ணப்பித்தார், நர்மதா அடுத்த நாள். பிறந்த தேதி ஒன்று, தகப்பனார் ஒருவர். என் வரி யமுனாவை அழித்தது.

கோதண்டம் கல்லூரியின் உதவி முகவரிக்கு எழுதினார். அந்தப் பெட்டி நிரம்பி வழிந்ததால் கடிதம் திரும்பி வந்தது. திரும்பி வரும் கடிதங்களின் அடியில், போஸ்ட்மாஸ்டரைத் தொடர்பு கொள்ளவும் என்று ஒரு வரி இருக்கும். உலகத்தில் யாரும் அந்த வரியைப் பொருட்படுத்துவதில்லை. கோதண்டம் பொருட்படுத்தினார். ஒரு நாள் காலை எட்டரைக்கு இந்திராணியின் திரையில் அவருடைய கடிதம் வந்து நின்றது. மகளுக்கு மதிப்பெண் அதிகம் என்றும், விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டதாக வந்த ஒப்புகையின் நகல் கையில் இருக்கிறது என்றும், கல்லூரியில் கேட்டால் அப்படி ஒருவர் விண்ணப்பிக்கவே இல்லை என்கிறார்கள் என்றும், சேர்க்கை இன்று மாலை நாலு மணியோடு முடிகிறது என்றும் எழுதியிருந்தார்.

வழக்கமான மூன்று சொல் பதிலை அனுப்பிவிட்டு இந்திராணி என் மேசைக்கு வந்தார்.

"பாஸ்கர் சார், இந்த ரெண்டு முகவரியும் ஒண்ணுதான்னு யார் முடிவு பண்ணது?"

"ரெண்டும் ஒரே பெட்டிக்குத்தான மேடம் போகுது."

"அது அவருக்குத் தெரியும். அவர் பெட்டி இருக்கற இடத்துக்குத் தெரியும். நமக்கு எப்படித் தெரியும்?" என்றவர் சற்று நிறுத்தி, பொறுமையாகச் சொன்னார். "@ குறிக்கு வலது பக்கம் தெரு சார். அதுவரைக்கும்தான் நம்ம வேலை. இடது பக்கம் அவங்க வீடு. உள்ள எத்தனை ரூம் இருக்கு, யாருக்கு எந்த ரூமுன்னு நாம முடிவு பண்ணக் கூடாது. விதியே அதான்."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு உயர்த்தித் தப்பித்திருப்பேன்.

அவர் கோதண்டத்தைப் பெண்களோடு கல்லூரிக்கு வரச் சொல்லிவிட்டு, பழைய பதிவேடுகளைத் தோண்டி அச்செடுப்பதற்குள் மணி இரண்டு தாண்டிவிட்டது. தாள்களோடு ஸ்கூட்டரை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். அம்பத்தூரில் இருந்து வேலப்பன்சாவடி வரை நத்தை வேகம். ஒரு தண்ணீர் லாரி முன்னால் வந்தது. நான் மணியைப் பார்த்தேன், லாரியைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். அன்று அவர் அதை முந்தினார். அவருடைய வாழ்நாளில் அவர் முந்திய ஒரே லாரி அதுதான் என்று நினைக்கிறேன்.

கல்லூரி வாசலில் கோதண்டம் சீருடையோடு நின்றிருந்தார். வேலையில் இருந்து அப்படியே வந்திருந்தார். இரு பக்கமும் இரண்டு பெண்கள். ஒருவர் அழுது ஓய்ந்த முகம், இன்னொருவர் அழப்போகிற முகம்.

"எனுக்கு ரெண்டு பொண்ணு கீது மேடம். உங்க கம்ப்யூட்டரு ஒண்ணுதான் எண்ணுது. யமுனா இல்லாங்காட்டி நானும் சேரமாட்டேன்னு இவ வேற ஒரே புடியா நிக்கறா. நா இன்னா பண்றது சொல்லுங்க" என்றார்.

சேர்க்கை அலுவலர் கெட்டவர் அல்ல. ஆனால் பட்டியல் மூடப்போகிற நேரத்தில் வந்து நிற்பவர்களைக் கண்டால் எந்த அலுவலருக்கும் பிடிக்காது. "பதிவே இல்லாத விண்ணப்பத்துக்கு நாங்க எப்படி மேடம் இடம் கொடுக்கறது?" என்றார். இந்திராணி அச்செடுத்த தாளை அவர் முன் வைத்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். யமுனாவின் விண்ணப்பம் வந்ததும் எங்கள் கணினி 'சரி, வாங்கிக்கொண்டேன்' என்று பதில் சொன்ன வரி.

"வாங்கிக்கிட்டோம்னு நாங்க சொல்லிட்டோம் சார். அப்படிச் சொன்ன நிமிஷமே பொறுப்பு அந்தப் பொண்ணு கையில இருந்து எங்க கைக்கு வந்துடுது. அதுக்கப்புறம் தொலைஞ்சா தொலைச்சது நாங்க. அந்தப் பொண்ணு இல்ல."

அலுவலர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப யார் தப்புன்னு எழுத்துல கொடுங்க. யாராவது ஒருத்தர் கையெழுத்து போடணும்" என்றார்.

நான் இந்திராணிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் சட்டைப்பையில் பேனா இருந்தது. இந்திராணி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் கைப்பையில் இருந்து பேனாவை எடுத்து, எங்கள் மென்பொருளின் தவறால் இந்த விண்ணப்பம் அழிந்தது என்று எழுதி, தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டார். மணி மூன்றரை. யமுனாவுக்கு இடம் கிடைத்தது.

வெளியே வந்து நடையில் நின்றபோது மெல்லச் சொன்னார். "அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க பாஸ்கர் சார்."

"சொல்றேன் மேடம்" என்றேன். சொல்லிவிட்டு, யாரோ அழைத்ததுபோல் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் நின்ற இடத்துக்குப் போய்விட்டேன். அங்கிருந்து பார்த்தபோது இந்திராணி குடிநீர்க் குழாய்ப் பக்கம் யமுனாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஒருமுறை என் பக்கம் பார்த்தாற்போல் இருந்தது. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கையெழுத்து எங்கள் முதலாளிக்குப் போய்ச் சேர நாள் பிடிக்கவில்லை. தவறை எழுத்தில் ஒத்துக்கொண்டதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த ஆண்டு தொழில்நுட்பத் தலைவர் பதவி இந்திராணிக்கு வந்திருக்க வேண்டியது, எனக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் வந்து கைகொடுத்து, "நல்லா பண்ணுங்க சார்" என்றார். அதில் குத்தல் இருக்கிறதா என்று பல நாள் தேடினேன். இல்லை.

அதோடு அவர் விடவும் இல்லை. என் வரி வேறு யார் யாரை விழுங்கியிருக்கிறது என்று பழைய பதிவுகளை எல்லாம் எட்டு மாதம் தோண்டினார். இன்னும் சிலர் அகப்பட்டார்கள். இருவருக்குக் காலம் கடந்துவிட்டிருந்தது. காலம் கடந்தவர்களுக்கும் எழுதினார், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு. அந்தக் கடிதங்களிலும் என் பெயர் இல்லை.

யமுனாவிடம் சொல்லிவிட்டீர்களா என்று அவர் என்னை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டுவிடுவாரோ என்று ஒன்பது ஆண்டுகள் பயந்திருக்கிறேன். வாங்கிக்கொண்டேன் என்று சொல்லிவிட்டுத் தொலைப்பவன் எப்படிப்பட்டவன் என்று, அந்த அறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன் நான். சொல்கிறேன் என்று நான் ஏற்றுக்கொண்டதை அப்படித்தான் தொலைத்தேன்.

கருணாகரன் அழைத்ததற்கு மறுநாள் காலை, நூம்பல் வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். பட்டறைக்காரர் வந்திருந்தார். டயர் கடைக்காரர் ஆள் உயர மாலையோடு வந்து, "நம்ம மேடம்பா" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். பந்தலின் ஓரத்தில் நின்றிருந்த என்னிடம் ஒரு பெண் வந்து, "சார், நான் யமுனா. ஆவடி கோதண்டம் பொண்ணு" என்றார். மருத்துவமனை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாராம். அப்பாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருப்பதால் வர முடியவில்லை என்றார்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. முகவுரை எதுவும் வரவில்லை.

"உங்க அப்ளிகேஷனை அழிச்சது நான் எழுதின வரிம்மா. மேடத்தோடது இல்ல. அவங்க கையெழுத்து மட்டும்தான் போட்டாங்க."

உள்ளே பெண்களின் அழுகை ஓங்கி அடங்கியது.

"அன்னைக்கே மேடம் சொன்னாங்க சார்" என்றார் யமுனா. "'இது எப்படி ஆச்சுன்னு ஒருத்தர் வந்து உனக்குச் சொல்லுவார். சொல்றேன்னு ஒத்துக்கிட்டிருக்கார். கொஞ்சம் லேட்டாகும். நீயாப் போய்க் கேக்காத'ன்னாங்க. பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவேன். 'யாராவது வந்தாங்களா?'ன்னு கேப்பாங்க. இல்லைன்னா, 'வருவாரு'ன்னுவாங்க. யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். நிமிர்ந்தபோது அவர் அங்கேயே நின்றிருந்தார்.

"கிடைச்சுது சார்" என்றார் யமுனா.

பிறகு இருவரும் உள்ளே போய் மேடத்தின் காலடியில் நின்றோம்.

திங்கட்கிழமை எட்டரைக்கு அவருடைய நாற்காலியில், ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. மூன்று நாள் கடிதங்கள் குவிந்திருந்தன. பத்தொன்பது ஆண்டுகளில் அந்தப் பெட்டி இவ்வளவு காத்திருந்ததில்லை. குப்பையை ஒதுக்கிக்கொண்டே வந்தேன். பாதியில் ஒரு மனிதர் எழுதியது தென்பட்டது.

"போஸ்ட்மாஸ்டர் மேடம் அவர்களுக்கு, கோதண்டம் எழுதுவது. நீங்கள் காலமாகிவிட்டதாக யமுனா சொன்னாள். கால் சரியில்லாததால் நேரில் வர முடியவில்லை. உங்களுடைய வேறு முகவரி எனக்குத் தெரியாது. இதற்கு எழுதினால் ஒருவர் படிப்பார் என்று தெரியும், ஆகையால் எழுதுகிறேன். என் பெண்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வணக்கம்."

எந்த முகவரியில் இருந்து வந்தது என்று பார்த்தேன். அவர் பெயர், ஒரு கூட்டல் குறி, அதற்குப் பின்னால் இந்திராணி. தன் பெண்கள் இருவருக்கும் கொடுத்ததுபோல, தன் வீட்டில் அவருக்கும் ஓர் அறை ஒதுக்கியிருந்தார். என் வரி இன்றைக்கும் ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பெயரை வெட்டிப் போட்டிருக்கும்.

கிடைத்தது, படித்தேன், பார்க்கிறேன் என்று கையால் தட்டச்சு செய்தேன். கீழே என் பெயரைப் போட்டேன். நீங்கள் போய் வாருங்கள் மேடம்.